ஜாதிபத்திரி: இதழாகப் போடுவது எப்போது, பொடியாகப் போடுவது எப்போது?

தமிழ் வீடுகளில் ஜாதிக்காய்க்கு முதல் இடம் மருந்துப் பெட்டியில்தான். மாசிக்காய், கடுக்காய், வசம்போடு சேர்த்து உரைகல்லில் இழைத்துக் கைக்குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். அதனால் அந்த வாசனை வந்ததுமே பலருக்கு உரைமருந்து நினைவு வந்துவிடுகிறது. அதே பழத்திலிருந்து கிடைக்கும் ஜாதிபத்திரிக்கு அந்த மரியாதைகூட இல்லை. பிரியாணி மசாலாப் பொட்டலத்தில் பட்டைக்கும் கிராம்புக்கும் நடுவே செம்மஞ்சளாக ஒரு துண்டு கிடக்கும். பெயர் தெரியாமலே எண்ணெயில் போடுவோம். சாப்பிடும்போது தட்டோரம் ஒதுக்குவோம்.

இது எனக்கு நெடுநாள் மனக்குறை. பாயசம், கேக், குருமா, இறால், உருளைக்கிழங்கு என்று இவ்வளவு இடங்களில் அழகாகப் பொருந்தும் வேறொரு வாசனைப் பொருளை நான் பார்த்ததில்லை. அதன் குணத்தைப் புரிந்துகொண்டால் போதும், யாரும் தைரியமாகக் கையாளலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்கு அருகே பெரியம்மா வீட்டில், தென்னைக்கும் கமுகுக்கும் இடையே இரண்டு ஜாதி மரங்கள் நின்றன. ஒன்று காய்க்கும், மற்றது காய்க்காது. ஜாதியில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி என்பதைச் சிறு வயதில் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மேற்குக் கரையோரம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பழம் மிகுதி. எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் பழம் தானாக இரண்டாகப் பிளக்கும். உள்ளே பளபளக்கும் கரும்பழுப்பு ஓடு, அதன்மேல் வலைபோலப் பின்னிய இரத்தச் சிவப்பு உறை. அந்த உறைதான் ஜாதிபத்திரி. ஓட்டை உடைத்தால் உள்ளே இருப்பது ஜாதிக்காய். பெரியம்மா உறையை அடியிலிருந்து விரலால் நெம்பி, கிழியாமல் கழற்றி, உள்ளங்கையில் வைத்துத் தட்டையாக்கி முறத்தில் பரப்புவார். நாளாக ஆக அந்தச் சிவப்பு மங்கி, செம்மஞ்சளாகிவிடும்.

வாங்கும்போது

உடையாமல் முழுதாக இருப்பதைப் பூ என்றும், உடைந்த துண்டை இதழ் என்றும் இங்கே சொல்கிறேன். எப்போதும் முழுப் பூவாக வாங்குங்கள். ஒரு பூ ஏறக்குறைய 1 கிராம் எடை இருக்கும். 25 கிராம் வாங்கினால் ஒரு வீட்டுக்குப் பல மாதங்கள் போதும். பொடியாக விற்பதை வாங்க வேண்டாம். அரைத்த நாளிலிருந்தே வாசனை கசிய ஆரம்பித்துவிடும், என்று அரைத்தது என்பதும் நமக்குத் தெரியாது.

ஒரு இதழை வளைத்துப் பாருங்கள். நன்கு காய்ந்தது சற்று வளைந்து பிறகு முறியும். ரப்பர்போலத் துவண்டால் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும். நகத்தால் கீறினால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். எண்ணெய் வராமல் தூளாக உதிர்ந்தால் அது பழைய சரக்கு.

இரண்டு எச்சரிக்கைகள். ராம்பத்திரி என்று ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் காட்டு ஜாதியின் உறை அது. நீளமாக, நார்நாராக, அடர்ந்த சிவப்பில் இருக்கும். வாசனை மிகக் குறைவு. நல்ல பத்திரியோடு அதைக் கலந்து விற்பதுண்டு. நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். அடுத்தது புகை. அறுவடைக் காலமும் மழைக்காலமும் ஒன்றாக வருவதால் வெயில் கிடைக்காத நாட்களில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி உலர்த்துவார்கள். அப்படிப்பட்ட பத்திரியில் மெல்லிய புகை வாசம் ஏறியிருக்கும். குருமாவில் அது தெரியாது, பாயசத்தைக் கெடுத்துவிடும். இனிப்புக்கென்று வாங்கினால் புகை வாசம் துளியும் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணாடிப் புட்டியில், இறுக்கமான மூடியிட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தால் ஓராண்டுக்கு மேல் நன்றாக இருக்கும். கரும்புள்ளியோ முடைநாற்றமோ தெரிந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். வெயிலில் வைத்து எடுத்தாலும் பூசணத்தின் நஞ்சு போகாது.

இதன் குணம்

ஒரு இதழை நுனி நாக்கில் வைத்து மெல்லுங்கள். முதலில் ஆரஞ்சுத் தோலின் வாசம், அடுத்து மிளகின் இலேசான உறைப்பு, பின்னால் ஜாதிக்காயின் வெதுவெதுப்பு, கடைசியில் சிறு கசப்பு. முதலில் வரும் அந்தப் பழத்தோல் வாசம்தான் மிக மென்மையானது. சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். பின்னால் வரும் வெதுவெதுப்பு நின்று நிதானமாகக் கொழுப்பில் கரையும். அதிக நேரம் கொதித்தாலோ அளவு மிஞ்சினாலோ கசப்பு மேலே வந்துவிடும்.

செய்முறை முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. அடுப்பில் சமைக்கும் பண்டங்களில் இதழை முதலிலும் பொடியைக் கடைசியிலும் சேர்க்க வேண்டும். இதழ் நெய்யிலோ பாலிலோ மெல்ல ஊறி வெதுவெதுப்பைத் தரும். இறக்கும்முன் தூவும் பொடி மேல்வாசனையைத் தரும். அடுமனைப் பண்டங்கள் மட்டும் விதிவிலக்கு. அங்கே பொடியைத் தொடக்கத்திலேயே வெண்ணெயோடு குழைத்துவிட வேண்டும். வெண்ணெய் வாசனையைப் பிடித்துக்கொள்ளும், மாவு அதைச் சுற்றி மூடிக்கொள்ளும்.

அளவுக்கு நான் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு லிட்டர் பாலுக்கு அரைப் பூ. அரை கிலோ அரிசியில் செய்யும் பிரியாணிக்குக் கால் பூ. ஒரு கிலோ இறைச்சிக்கு இதழும் பொடியும் சேர்த்து ஒரு பூ. கால் கிலோ மாவுக்கு அரை முதல் முக்கால் தேக்கரண்டி பொடி. ஒருமுறை கேக் மாவில் இரண்டு தேக்கரண்டி நிறையப் போட்டுவிட்டேன். மருந்து வாசம் அடித்த அந்தக் கேக்கை வீட்டில் ஒருவராலும் சாப்பிட முடியவில்லை. அன்றிலிருந்து கரண்டியைத் தலைதட்டித்தான் அளக்கிறேன்.

பொடிக்கும் முறை

எண்ணெய்ப் பசை உள்ளதால் ஜாதிபத்திரி மிக்சியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெறும் வாணலியை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு, இதழ்களைப் போட்டு அரை நிமிடம் புரட்டுங்கள். வறுக்கக் கூடாது, ஈரம் போனால் போதும். ஆறியதும் மொறுமொறுப்பாகும். பிறகு சிற்றுரலில் இடியுங்கள். இனிப்புக்கு என்றால் ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடும், காரத்துக்கு என்றால் சிட்டிகை கல்லுப்போடும் சேர்த்து இடித்தால் சீராகப் பொடியாகும். தேவைக்கு மட்டும் பொடித்துக்கொள்வது நல்லது. மிஞ்சினால் சிறு புட்டியில் அடைத்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பாலில்: ஜாதிபத்திரிப் பாயசம்

முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். ஜாதிபத்திரியின் தனி முகம் பாலில்தான் தெளிவாகத் தெரியும். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் பால் பாயசத்தில் பாலும் அரிசியும் சர்க்கரையும் மட்டுமே. அந்தத் தூய்மையை விரும்புகிறவர்கள் இதை வேறொரு பாயசமாகக் கருதிக்கொள்ளட்டும்.

தேவை: கொழுப்பு நீக்காத பால் ஒரு லிட்டர், பச்சரிசி 50 கிராம், சர்க்கரை 100 கிராம், ஜாதிபத்திரி அரைப் பூ, நெய் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

அரிசியைக் கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து நீரை வடித்துவிடுங்கள். அடிகனமான பாத்திரத்தில் நெய்யைச் சூடாக்கி, மிகச் சிறிய தணலில் இதழ்களைப் போட்டு, பத்து எண்ணும் நேரம் மட்டும் புரட்டுங்கள். நிறம் கறுக்க விடாதீர்கள். அரிசியைச் சேர்த்து ஒரு கிளறு கிளறிப் பாலை ஊற்றுங்கள். கொதி வந்ததும் தணலைக் குறைத்து, அவ்வப்போது அடி துழாவுங்கள். இருபதாவது நிமிடத்தில் இதழ்களைக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். அதற்குள் தர வேண்டியதைத் தந்துவிட்டிருக்கும். மேலும் விட்டால் கசப்பு இறங்கும்.

அரிசி நசுக்கினால் மசியும் அளவுக்கு வெந்த பிறகே சர்க்கரை போடுங்கள். முன்னதாகப் போட்டால் அரிசி வேக அடம்பிடிக்கும். மொத்தம் ஐம்பது நிமிடத்தில் பால் முக்கால் பங்காக வற்றி, இளமஞ்சள் சாயல் தெரியும். அந்த நிறத்துக்குக் குங்குமப்பூ தேவையில்லை. உப்பைச் சேர்த்து இறக்குங்கள். இதில் ஏலக்காய் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏலம் வந்தால் மற்ற எதையும் பேச விடாது. முந்திரியும் திராட்சையும் கூட இல்லாமல் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

நெய்யில்: லக்னோ பாணி ஆட்டுக்கறிக் குருமா

நம் குருமாவில் தேங்காயும் சோம்பும் கசகசாவும் முன்னால் நிற்கும். லக்னோவின் அவத் சமையலில் அந்த இடம் ஜாதிபத்திரிக்கும் ஏலக்காய்க்கும். காரம் அடங்கி, வாசனை முன்னால் வரும் சமையல் அது. தேங்காயை அங்கே தேடாதீர்கள்.

தேவை: எலும்போடு ஆட்டுக்கறி 750 கிராம், பெரிய வெங்காயம் மூன்று, புளிக்காத கெட்டித் தயிர் 200 கிராம், நெய்யும் எண்ணெயும் கலந்து 100 மில்லி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு. தாளிக்க ஜாதிபத்திரி அரைப் பூ, ஏலக்காய் ஆறு, கிராம்பு நான்கு, ஓர் அங்குலப் பட்டை, ஒரு பிரிஞ்சி இலை. கடைசியில் தூவுவதற்கு ஜாதிபத்திரி ஒரு பூவும் பத்து ஏலக்காயின் விதையும் சேர்த்து இடித்த பொடி. இதில் பாதிதான் இன்று தேவை.

1. வெங்காயத்தை ஒரே அளவு மெல்லிய இழைகளாக நறுக்கி, நெய்யெண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுங்கள். பொன்னிறத்துக்கு ஒரு படி முன்பே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் நிறம் ஏறும். ஆறியதும் கையால் நொறுக்குங்கள்.

2. அதே நெய்யில் தணலைக் குறைத்து முதலில் ஏலக்காய், கிராம்பு, பட்டை, இலை போடுங்கள். அவை பொரிந்த பிறகே ஜாதிபத்திரி. இதழ் மெல்லியது, மற்றவற்றோடு சேர்த்துப் போட்டால் அவை பொரிவதற்குள் இது கருகிவிடும். கருகிய பத்திரியின் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது.

3. உடனே கறியைப் போட்டு, உப்பும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்து, நீர் வற்றி நெய் தெரியும்வரை வதக்குங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். இந்தப் படியில் அவசரப்பட்டால் பச்சை வாசம் கடைசிவரை போகாது.

4. மல்லித்தூள், மிளகாய்த்தூள் சேர்த்து ஒரு கை நீர் தெளித்து வதக்குங்கள். அறைச் சூட்டில் இருக்கும் தயிரைக் கட்டியில்லாமல் அடித்து, சிறு தணலில் மூன்று தவணையாக ஊற்றி, கொதி வரும்வரை கையெடுக்காமல் கிளறுங்கள். நிறுத்தினால் தயிர் திரிந்துவிடும்.

5. நொறுக்கிய வெங்காயத்தையும் ஒன்றரைக் கோப்பை வெந்நீரையும் சேர்த்து, கனமான மூடியிட்டு, மிகச் சிறு தணலில் எண்பது நிமிடம் வேகவிடுங்கள். குக்கர் என்றால் ஐந்தாறு விசில். ஆனால் மெல்ல வெந்த குழம்பின் பளபளப்பு குக்கரில் வராது.

6. கறி எலும்பிலிருந்து விலகும் பதம் வந்ததும் பொடியில் பாதியைத் தூவி, விரும்பினால் ஒரு தேக்கரண்டி தாழம்பூ நீர் விட்டு, மூடி, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் திறக்காதீர்கள். திறக்கும்போது எழும் வாசனைக்காகத்தான் இவ்வளவும்.

பிரியாணிக்கும் இதே முறைதான், அளவு மட்டும் குறைவு. சைவர்கள் இதே குழம்பில் பொரித்த காளானையோ பனீரையோ போடலாம். வேகும் நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கும், தண்ணீரையும் பாதியாகக் குறைக்க வேண்டும். புளிக்குழம்பு, வத்தக்குழம்பு பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். புளி முன்னால் நின்றால் ஜாதிபத்திரியில் கசப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

வெண்ணெயில்: கேக்

ஜாதி மரத்தின் தாயகம் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். அந்த வாசனைக்காக அங்கே நடந்த கொடுமையை இந்தப் பொருளைக் கையில் எடுக்கும்போது நான் நினைத்துக்கொள்வதுண்டு. 1621-இல் யான் பீட்டர்சோன் கூன் தலைமையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தீவுகளைக் கைப்பற்றியபோது, பண்டா மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அல்லது அடிமைகளாக்கப்பட்டனர், விரட்டப்பட்டனர். ரன் என்ற சிறு தீவு மட்டும் ஆங்கிலேயரின் உரிமைக் கோரிக்கையில் இருந்தது. 1667-இல் பிரெடா உடன்படிக்கையில் அதையும் டச்சுக்காரர் வைத்துக்கொள்ள, இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடம் நின்றது. ஐரோப்பிய அடுப்புகளில் ஜாதிபத்திரி வெண்ணெய்க் கேக்கோடு உறவாடியது. இந்தோனேசியாவின் அடுக்குக் கேக்கான லாபிஸ் லெகிட்டில் இன்றும் பட்டை, கிராம்பு, ஏலத்தோடு அதுவும் சேர்கிறது. பழைய ஆங்கிலப் பவுண்டு கேக்கிலும் அது உண்டு. வெனிலா பரவலாவதற்கு முன்பு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தவற்றில் இதுவும் ஒன்று.

தேவை: உப்பில்லாத வெண்ணெய், சர்க்கரை, மைதா ஒவ்வொன்றும் 225 கிராம், பெரிய முட்டை நான்கு (சிறியதானால் ஐந்து), ஜாதிபத்திரிப் பொடி முக்கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பால் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் துருவிய மேல்தோல்.

வெண்ணெயும் முட்டையும் பாலும் அறைச் சூட்டுக்கு வர வேண்டும். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் உருகிவிடாமலும் பார்க்க வேண்டும். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், பளபளக்கக் கூடாது. ஜாதிபத்திரியைச் சர்க்கரையில் ஒரு பங்கோடு சேர்த்துப் பொடித்து, மீதிச் சர்க்கரை, வெண்ணெய், உப்பு, எலுமிச்சைத் துருவலோடு ஐந்தாறு நிமிடம் நுரைக்க அடியுங்கள். வெளிர் நிறமாகிப் பஞ்சுபோல் எழும்பும்போதே அறை மணக்கும். முட்டையை ஒவ்வொன்றாக அடித்துச் சேருங்கள். கலவை திரிவதுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி மைதா போட்டால் கூடிவரும். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சலித்து, மூன்று தவணையாக, மரக்கரண்டியால் மடித்துச் சேர்த்துப் பாலை விடுங்கள். மாவு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

வெண்ணெய்த் தாள் விரித்த நீள்சதுர ரொட்டித் தட்டில் ஊற்றி, முன்பே சூடேற்றிய அவனில் 160 டிகிரியில் 60 முதல் 70 நிமிடம் வையுங்கள். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வர வேண்டும். மேற்பக்கம் சீக்கிரம் சிவந்தால் தாள் போட்டு மூடுங்கள். அன்றே வெட்டினால் ஜாதிபத்திரி தனித்துத் துருத்தும். ஆறவைத்து, இறுக்கிச் சுற்றி, மறுநாள் வெட்டினால் வெண்ணெயோடு ஒன்றியிருக்கும்.

உப்புச் சுவையில் சில

ஜாதிபத்திரியும் கருமிளகும் நல்ல சோடி. கோதுமை மாவு 150 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 80 கிராம், இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, ஜாதிபத்திரிப் பொடி கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றை விரல் நுனியால் உதிரியாகப் பிசறி, இரண்டு மேசைக்கரண்டி தயிர் விட்டுத் திரட்டி, அரைமணி நேரம் குளிரவைத்து, தேய்த்து வெட்டி, 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுட்டால் மாலைத் தேநீருக்கு நல்ல உப்பு பிஸ்கட்.

வெள்ளைச் சாஸுக்கு அரை லிட்டர் பாலில் கால் பூ, ஒரு பிரிஞ்சி இலை, கிராம்பு குத்திய பாதி வெங்காயம் போட்டுச் சூடாக்கி, இருபது நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, அந்தப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் காய்ச்சுங்கள். அரைவேக்காட்டு உருளைக்கிழங்கு வில்லைகள்மேல் ஊற்றிச் சீஸ் தூவி, 190 டிகிரியில் 25 நிமிடம். ஜாதிக்காயைத் துருவுவதைவிட இப்படி இதழை ஊறவைப்பது எனக்குப் பிடிக்கும். சாஸில் பழுப்புத் துகள் தெரியாது.

இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சிறு இறாலை ஜாதிபத்திரி போட்ட வெண்ணெயில் அடைத்து வைப்பார்கள். நம் பொடி இறாலுக்கும் அது அற்புதமாகப் பொருந்தும். 100 கிராம் வெண்ணெயை உருக்கி, கால் தேக்கரண்டி பொடியும் மிளகும் போட்டு, 250 கிராம் உரித்த இறாலை இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து சிறு கிண்ணங்களில் குளிரவையுங்கள். வெண்ணெய் உறைந்ததும் சுட்ட ரொட்டியில் தடவலாம். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

ஜாதிபத்திரி கிடைக்காத நாளில் ஜாதிக்காயை அதே அளவில் துருவலாம். வெதுவெதுப்பு கிடைக்கும், மேல்வாசனை கிடைக்காது. கேக்கில் எலுமிச்சைத் தோலைச் சற்றுக் கூட்டினால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

இரண்டிலும் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. மேலே சொன்ன சமையல் அளவில் அதனால் பயமில்லை. கிராம் கணக்கில் ஒரே வேளையில் உள்ளே போனால் வாந்தி, படபடப்பு, மனக் குழப்பம் வரும். தூக்கத்துக்கு, செரிமானத்துக்கு என்று கரண்டி கரண்டியாகப் பாலில் கலந்து குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் சமையல் அளவைத் தாண்டவே கூடாது.

பச்சைப் பழம் கையில் கிடைக்கும் அதிர்ஷ்டம் இருந்தால் சதைத் தோலை எறியாதீர்கள். கரீபியன் தீவான கிரெனடாவில் அதை ஜாம் காய்ச்சுகிறார்கள், பண்டாவில் சர்க்கரையில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பெரியம்மா ஊறுகாய் போடுவார். தோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பில் பிசறி இரண்டு நாள் வைத்தால் துவர்ப்பு அடங்கும். ஊறிய நீரை வடித்து, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, மிளகாய்த்தூள் போட்டு, துண்டுகளைச் சேர்த்து ஒரு கொதி மட்டும் விடுவார். ஆறியதும் ஜாடியில் அடைத்து, எண்ணெய் மேலே நிற்கும்படி ஊற்றுவார். ஒரு வாரம் கழித்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வோம்.